ஷட்டர் கணக்கு

"எத்தனை வருஷமா எடுக்கிறீங்க?"
அரண்மனைத் தெருக் கடைக்காரர் கேட்கிறார்.
அதை வைத்துத்தான் கேமரா பாடி காட்டுவாராம்.

வருஷம் நினைவில்லை.
என் பழையதன் வயிற்றில் ஓர் எண் இருக்கிறது:
ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம்.
பாதி, கீழக்கரைக் கல்யாணங்கள்,
சகனைச் சுற்றிக் குனிந்த தலைகள்.
மீதி, வாலிநோக்கத்து உப்பளத்தில் கொக்குகள்,
பெரும்பாலும் பறந்துபோன பிறகு.

போன மாசம் சாபிரா லாத்தாவின்
ஃபுல் ஃப்ரேமை இரவல் வாங்கி
தனுஷ்கோடிப் பூநாரைகளிடம் போனேன்.
என்னைக் கேட்காமலே அது கண்ணைப் பிடித்தது.
நொடிக்கு இருபது.
வீட்டில் வந்து பார்த்தால் இரண்டாயிரம் படம்,
எல்லாம் கத்தி மாதிரி.
எதை அழிப்பதென்று தெரியாமல்
விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன்.
ராத்திரி பதினோரு மணிக்கு, மணப்பெண் அறையில்,
சுபைதா அழுகையை நிறுத்திச் சிரித்த அந்த அரைநொடி
என் பழையதில்
வெறும் ரவை ரவையாய் இருக்கிறது.

"நடுவில் இருக்கிறதைக் காட்டுங்க.
ரெண்டு கார்டு போடணும்,
இருட்டில் திணறக் கூடாது."

எடுத்து வைத்தார்.
கட்டைவிரல் பழைய இடத்தைத் தேடி
வழுக்கி வந்தது.

"உப்புக்காத்து தாங்குமா?"

உதட்டைப் பிதுக்கினார்.
"கடல் பக்கத்துல
எதும்மா தாங்குது?"