கொள்முதல் படிவம்

ஆர்லீன் வோபோரிலை
முதலில் ஒரு கையெழுத்தாகத்தான் தெரியும் எனக்கு.
களிமண், சாம்பல் நிறம், ஒரு டன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
ஆண்டுதோறும் ஒரே சொல்:
தீர்ந்துவிட்டது.

நெப்ராஸ்காவில், சோளக்காட்டுக்கும் ரயில்பாதைக்கும் நடுவே
இரண்டாண்டுப் படிப்புக்கான கல்லூரி.
நான் கணக்குப் பிரிவு.
இருபத்தாறு வருடம் அவள் மண்ணுக்குக் காசு கொடுத்தேன்.
சரியாகச் சொன்னால், பாதி கொடுத்தேன்.
மீதியை வெட்டத்தான் எனக்குச் சம்பளம்.

சூளை, சரக்கு இறக்கும் மேடையில்,
கூடைப்பந்து அணியின் பழைய சீருடைப் பெட்டிகளை ஒட்டி.
ஜனவரி இரவுகளில் காவலாளிகள்
அங்கேதான் கையுறையைக் கழற்றுவார்கள்.
எரிவாயுச் செலவு ஏன் இவ்வளவு என்று
ஒருமுறை குறிப்பு அனுப்பினேன்.
பதிலாக ஒரு காது வந்தது.
சுட்ட மண், உள்ளங்கை அகலம்,
நடுவில் பென்சில் செருக ஒரு துளை.
அது என் காதுதான் என்று
என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

அவள் செய்தவை ஆளுயர உருவங்கள்.
இடுப்பு உண்டு, தலை கிடையாது,
உள்ளே குதிர்போல வெறுமை.
வருடத்துக்கு நான்கு, சில வருடம் ஒன்று.
மற்ற நேரமெல்லாம்
கலையில் ஒரு பாடம் கட்டாயம் என்பதால் வந்து உட்கார்ந்த
செவிலியர் மாணவிகளுக்கும்
லாரி மெக்கானிக்குகளுக்கும் போனது.
கிண்ணத்தை விரல் மடக்கித் தட்டுவாள்,
கேட்பாள்,
மதிப்பெண் போடுவாள்.

எண்பத்தொன்றில் ஒமாகாவில் கண்காட்சி.
அவள் உருவங்கள் நான்கோடு
டுவேன் ஹெகமனின் குதிரையும் சூளைக்குள் போயிற்று.
கனத்த குதிரை. காய்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தான்.
காயவில்லை.
இரவு இரண்டு மணிக்கு வெடித்தது.
ஆறு மாத வேலை, அரை நாழிகைகூட இல்லை,
மூன்று உருவங்கள் ஒரு தள்ளுவண்டியில் அடங்கின.
மிஞ்சிய ஒன்றோடு ஒமாகா போனாள்.
செய்தித்தாளில் இரண்டு வரி வந்தது,
பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.

டுவேனுக்கு 'பி' போட்டாள்.
ஏன் என்று கேட்டேன்.
'கழுத்து நன்றாக வந்திருந்தது' என்றாள்.
அடுத்த பருவமும் அதே வகுப்புக்கு
அவன் பணம் கட்டியபோது
ரசீது கிழித்துக் கொடுத்தவன் நான்.

'துணை' என்ற முன்னொட்டு
அவள் பதவியிலிருந்து கடைசிவரை உதிரவில்லை.
ஓய்வு பெற்ற அன்று கேக், ஒரு சுவர்க்கடிகாரம்.
நன்றியுரையில் அவள் சொன்னது
சூளையின் கதவுக் கீல் பற்றி மட்டுமே.
அதற்கு எண்ணெய் போடச் சொன்னாள்.

பிறகு எட்டு வருடம் கழித்துப்
பெரிய தெரு மருந்துக்கடையில் பார்த்தேன்.
நான் ரத்த அழுத்த மாத்திரைக்குப் போயிருந்தேன்.
அவள் தரையில் முட்டி போட்டு
குழந்தை அணையாடைக் கட்டுகளை
அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தாள்.
'பிடி' என்றாள். பிடித்தேன்.

அந்தக் கட்டடம் முன்பு வங்கி.
அலமாரிக்குப் பின்னால்
எழுபத்தெட்டில் அவள் பதித்த சுவர்:
நானூறு ஓடுகள், ஆறு ஒன்று வெள்ளத்தில்.
இப்போது தெரிந்தது ஒரு முழம் தண்ணீர் மட்டும்.

கையை உள்ளே விட்டுத் தடவினாள்.
நான் கண்ணீரை எதிர்பார்த்தேன்,
வெட்கம்தான், ஆனாலும் எதிர்பார்த்தேன்.
'இதோ' என்றாள்.
'தலைகீழாக ஒட்டிவிட்டேன். இந்த ஒன்றை.
சுழி எதிர்த்திசையில் ஓடுகிறது பார்.'

வங்கி கடைசித் தவணையைத் தரவில்லையாம்.
அவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே
முப்பது வருடம் நினைத்திருந்தாளாம்.

கடைப் பையன் வந்து
என்ன தேடுகிறீர்கள் என்றான்.
விலை பார்க்கிறோம் என்றேன்.
இருவரும் கட்டுகளைத் திரும்ப அடுக்கினோம்.
அளவு ஒன்று, அளவு இரண்டு.
அவள் அடுக்கியதுதான் நேராக இருந்தது.