சராசரி வயது

நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள்.
இஷ்பெலுக்கு அதைப் பார்க்கத்தான் சம்பளம்.

சதர்லாந்தில், மரமென்று சொல்ல ஒன்றுமில்லாத வெளியில்,
சாலை முடிந்த பின்னும் ஒன்றரை மைல்,
முதுகில் காலிக் குடுவைகள், அலுமினியப் பைகள்.
கால் வைத்தால் நிலம் அசைகிறது,
கட்டிலில் ஒருவர் புரள
அடுத்தவர் விழித்துக்கொள்வதுபோல.
கீழே ஐந்து மீட்டர்
பாசிமேல் பாசி செத்து,
செத்தும் மட்காமல்
புளித்த நீரில் ஊறிக் கிடக்கும் பீட்.

ஓடைக்குக் கடுந்தேநீர் நிறம்.
மூன்றாம் திருப்பத்தில் நீர் எடுத்து
மூடிய குடுவையை மூன்று நிமிடம் குலுக்க வேண்டும்.
தோளைப் பிடித்து உலுக்கி
ஊரென்ன வயதென்ன என்று கேட்பதைப்போல.
தண்ணீர் தன் மீத்தேனில் கொஞ்சத்தை
மேலேயுள்ள காலி இடத்துக்கு விட்டுக்கொடுக்கும்.
அதைப் பையில் பிடித்துத் திருகி மூடி,
தேதி, நேரம், வெப்பம் ஆறு புள்ளி இரண்டு,
எல்லாம் பென்சிலால்.
மை இந்த மழைக்கு நிற்காது.

ஆட்டுக்காரர் முர்டோ வேலியைத் தாண்டி வந்தார்.
தீப்பெட்டியைத் திறந்தார்.
உள்ளே ஒரு கடைவாய்ப் பல்.
"போன வாரம் பிடுங்கியது. இதற்கும் வயது பார்ப்பாயா?
அறுபத்து மூன்றில் பிறந்தேன்."

"அப்படியென்றால் இதில் அணுகுண்டு இருக்கும்" என்றாள்.
"எங்கெங்கோ வெடித்துப் பார்த்தார்கள்,
காற்றில் கார்பன்-பதினான்கு இரட்டித்தது.
அதைப் புல் தின்றது, புல்லைப் பசு, பாலை நீங்கள்.
இயந்திரத்தில் வைத்தால் நூற்றுக்கு மேல் காட்டும்,
இன்னும் பிறக்காதவர் போல."

"இந்தப் பொய்ப்பல்?" உதட்டைத் தூக்கிக் காட்டினார்.

"அது கச்சா எண்ணெயில் செய்தது.
அதன் வயதைச் சொல்ல எங்களிடம் எண் கிடையாது."

தெற்கே ஆய்வுக்கூடத்தில்
வாயுவை எரித்து, எரிந்ததைப் பிடித்து,
பென்சில் முனையளவு கரியாக்கி எண்ணுகிறார்கள்.
ஏழு வாரம் கழித்து வந்தது:
ஆயிரத்து முந்நூற்று எண்பது ஆண்டுகள்,
கூட்டியோ குறைத்தோ முப்பத்தைந்து.

இஷ்பெல் அந்த எண்ணை நம்பவில்லை.
தொண்ணூறு வயதுக்காரரும் பத்து வயதுப் பையனும்
பேருந்தில் ஏறினால் சராசரி ஐம்பது.
ஐம்பது வயதில் யாரும் ஏறவில்லை.
போன கோடையின் வேர்ச்சாற்றை நுண்ணுயிர் தின்று விட்ட மூச்சும்
ரோமாபுரி இருந்த நாளின் பாசி விட்ட மூச்சும்
ஒரே பையில், ஒரே எண்ணில்.
கார்பன்-பதின்மூன்றைக் கேட்டாள்.
அது வயது சொல்லாது, எப்படிப் பிறந்தது என்று மட்டும் சொல்லும்.
பாதி மேலிருந்து, புளிப்பு நொதித்துப் பிறந்தது.
மீதி அடியிலிருந்து.

அடியிலிருந்து எப்படி?
ஐந்து மீட்டர் ஏறி ஓடைக்கு வர
அதற்கு வழி யார் போட்டது?

மார்ச்சில் மறுபடி போனாள்.
மூன்றாம் திருப்பத்துக்கு மேலே, புல் மூடிய ஒரு நேர்க்கோடு.
ஓடைகள் நேராக ஓடுவதில்லை.
வரைபடத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

முர்டோவைக் கேட்டாள்.
அவர் ஆடுகளைப் பார்த்தார், பிறகு கோட்டைப் பார்த்தார்.
"நான்தான்.
எண்பத்திரண்டில், டிராக்டரில், கலப்பையை அழுத்தி.
பைன் மரம் நட நீர் வடிய வேண்டும் என்றார்கள்.
நாளுக்குப் பதினாறு பவுண்டு.
மரம் எதுவும் பிழைக்கவில்லை."

நோட்டில் 'மூலம்' என்ற கட்டத்துக்கு நேரே
வடிகால், ஆழம், திசை என்று எழுதினாள்.
கொஞ்ச நேரம் பென்சிலைத் தூக்கியே வைத்திருந்தாள்.
ஆண்டை எழுதினாள்.

கோட்டின் முனையில் ஒரு குமிழி
மேலே வந்து, உடையாமல் நின்று, உடைந்தது.

சட்டைப்பையில் தீப்பெட்டி இன்னும் இருந்தது.
எடுக்காமலே அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.
"அன்றைக்கு இது வாயில் இருந்தது" என்றார்.