அடிக்கணக்கு

மூன்றரை மணிக்குத் திருச்செங்கோட்டை விட்டேன்.
ரிக் பட்டறைகளில் வெல்டிங் பொறி எதுவும் இல்லை.
மேனேஜரிடம் காய்ச்சல் என்று சொல்லியாயிற்று.
முழுப் பொய் இல்லை:
ஒரு வாரமாகத் தொடை இரண்டும் கொதிக்கின்றன
இந்த ஏற்றத்தை நினைத்து.

நாமக்கல்லில் முட்டை வண்டிகள் தாண்டிப் போயின,
ஒவ்வொன்றும் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டு.
சேந்தமங்கலத்தில் டீ.
கடைக்காரர் டயரை அமுக்கிப் பார்த்தார்.
"வண்டி என்ன வெலைங்க?"
சொன்னேன்.
"அதுக்கு ஒரு எருமை வாங்கியிருக்கலாமுங்க"
என்றார், எனக்காக வருத்தப்பட்டு.

பதினொரு வருஷம் கீழ்நோக்கியே எண்ணியவன் நான்.
ராடு ஒன்று இருபது அடி.
ஐம்பது இறங்கினால் ஆயிரம்.
மத்தியப் பிரதேசக் கரிசலில், தெலங்கானாப் பாறையில்,
தேங்காய் உடைத்துக் காத்திருந்தவர் முகத்தில்
புழுதி அடிக்க அடிக்க எண்ணியிருக்கிறேன்:
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

கடலையும் அப்படித்தான் பார்த்தேன்.
ஒடிசாவில் கோபால்பூர் பக்கம்
நூற்றிருபது அடியில் பீறிட்டது தண்ணீர்.
தெருவே நனைந்தது. நக்கிப் பார்த்தால் உப்பு.
அன்று சாயங்காலம் கரையோரச் சாலையில்
மெலிந்த டயர் சைக்கிள்கள் ஆறேழு
முதுகைக் குனிந்துகொண்டு போயின,
மேடே இல்லாத ரோட்டில்
காற்றை மலைபோல் ஏறியபடி.
கம்ப்ரசர் இரைச்சலில் எனக்கு
அவை கனவுபோல் ஓசையற்றுக் கடந்தன.
அன்று பிடித்த காய்ச்சல் இது.
மேனேஜரிடம் சொன்னதும் இதைத்தான்
என்று வைத்துக்கொள்ளலாம்.

காரவள்ளி.
எழுபதில் ஒன்று என்கிறது பலகை,
வட்டிக்காரன்போல் முகத்துக்கு நேரே.
மலை மூவாயிரத்துச் சொச்சம் அடி.
மனசு சும்மா இருக்குமா:
வளைவுக்கு ரெண்டேகால் ராடு.
பன்னிரண்டில் கடைசி கியரும் தீர்ந்தது.
பத்தொன்பதில் ஒரு குரங்கு
முதுகுப் பையிலிருந்த வாழைப்பழத்தை
என்னைவிட நிதானமாக எடுத்தது.
இருபத்தாறுக்கும் இருபத்தேழுக்கும் நடுவே
ஏன் பிறந்தோம் என்றிருந்தது.

முப்பத்தெட்டில், மேலிருந்து ஹாரன்.
தெரிந்த ஹாரன்.
எங்கள் கம்பெனி வண்டி,
ராடுகளைப் படுக்கப் போட்டுக்கொண்டு,
திரும்ப முடியாமல் ரிவர்ஸ் எடுத்து,
முன்னால் வந்து, மறுபடி ரிவர்ஸ்.
பள்ளத்தின் ஓரம் கைகாட்டிக்கொண்டு சுக்ராம்.
டிரைவர் சீட்டில் அர்த்தநாரி.
"காய்ச்சலாமா உனக்கு?"

ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றேன்,
சைக்கிளையே திருடி வந்தவன்போல.
"எத்தனை அடி?" என்றேன். வேறென்ன கேட்பது.
"எண்ணூத்தி அறுவது. பொகைதான்."
சுக்ராம் தலையைத் தட்டினான். மாவு பறந்தது.
கேன் காலி என்றார்கள்.
இரண்டு பாட்டிலில் ஒன்றைக் கொடுத்தேன்.
ஆளுக்கு நாலு மடக்கு.
அர்த்தநாரி விலை கேட்டான்,
பிறகு பெல்லைத் தேடினான், காணோம்.
"இத்தன காசு வாங்கிட்டு
ஒரு மணி வெச்சுத் தரலியா அவன்?"
வண்டியைக் கிளப்பிவிட்டுச் சொன்னான்:
"நான் ஒன்னைப் பாக்கல. போ."

எழுபதாவது பலகையில் சாய்ந்து நின்றபோது
கேட்காமலே கணக்கு ஓடியது.
எண்ணூற்று அறுபது, நாற்பத்து மூன்று ராடு.
அவர்கள் இறக்கியதைக் கழித்தால்
நான் இன்னும் ஐம்பத்தொன்றில்தான் நிற்கிறேன்.
ஏறியதற்கு அடிக்கு இவ்வளவு என்று
யாரிடம் பில் போடுவது.

சோளக்காட்டில்
பலாச்சுளை பிரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம்
காலி பாட்டிலைக் காட்டினேன்.
எண்ணெய்க் கையால் குழாயைச் சுட்டினாள்.
"காலைல ஒருக்காதான் விடுவாங்க. பாத்துப் புடிங்க."
பின்னால் ஐந்து குடங்கள் வரிசையில் இருந்தன.

அரை பாட்டில் பிடித்தேன்.
இறங்கும்போது அவ்வளவு தேவைப்படாது.