வாசலில் நின்ற பேருந்து

எர்சுரூமுக்குப் பதினேழு மணி நேரம்.
இருபத்து மூன்றாம் இருக்கையில் தோருக், வயது நான்கேகால்.
இருபத்து நான்கில் நான். என் மடியில் பை:
ஈரத்துணி, மாற்றுக் காலுறை, உப்பு பிஸ்கட்,
வாந்திக்கென்று மூன்று உறைகள்,
ஒரு கண் கழன்ற கம்பளி ஆமை.
செர்ஹாத்துக்குப் பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது.
அவர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவை என்றார்கள்.
சொல்லிவைத்தேன்.
இருட்டும், தூங்குவோம், விடியும், பனி தெரியும்.
அப்புறம் ஒரு வீடு. வீடு நிறைய ஆட்கள்.
பத்துப் பேரா?
பத்துப் பேர் என்றேன்.
நாற்பத்தொன்று.

நோன்புப் பெருநாளுக்கு இஸ்தான்புல்லே கிளம்பி
ஒரே பாலத்தில் ஏறி நின்றது.
இஸ்மித்தில் ஆமை தொலைந்தது.
போலு மலையேற்றத்தில் கிடைத்தது.
கிடைத்த சூட்டோடு அதன் மேலேயே வாந்தி.

அப்போது வந்தான் பேருந்து உதவியாளன்.
வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி,
வண்டி ஆட ஆட ஆடாத கால்கள்.
கையில் எலுமிச்சைக் கொலோன் புட்டி.
வரிசை வரிசையாக, நீட்டிய உள்ளங்கைகளில்
நாலு சொட்டு, நாலு சொட்டு.
எங்களிடம் வந்து குனிந்தான்:
"ஐயாவுக்கு?"
ஐயா நெடுநேரம் யோசித்துவிட்டுக்
கையை நீட்டினார்.

பெருநாளன்று பெரியவர்களின் கையை முத்தமிட்டு
நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.
வீட்டில் ஆமையின் கையை வைத்து
ஒரு வாரம் பழகியிருந்தோம்.
ஆமையின் கை ஒரு கை. இங்கே கைகள் கிளம்பி வந்தன.
மோதிரக் கை, புகையிலைக் கை, மாவு காயாத கை,
கன்னத்தைக் கிள்ளிய பிறகு முத்தம் கேட்கும் கை.
என் காலுக்குப் பின்னால் ஒரு முகம் புதைந்தது.
நகரத்துப் பிள்ளை, என்றார் யாரோ, அன்பாகத்தான்.
செர்ஹாத் என்னைப் பார்த்தார்.
நானும் செய்தேன், மறைப்பானேன்:
அவன் பிடரியில் கைவைத்து
மெல்ல முன்னால் தள்ளினேன்.

தள்ளிய கையில் கொஞ்ச நேரம் அவன் சூடு இருந்தது.
அவன் இல்லை.

கட்டிலடியில் இல்லை. திரைக்குப் பின் இல்லை.
பக்லாவாத் தட்டுகள் அடுக்கிய அறையிலும் இல்லை.
வாசல் நடையில் இருந்தான்.
பனி ஒட்டிய நாற்பத்தொரு ஜோடிக் காலணிகளையும்
இரண்டிரண்டாக நிறுத்தி, நடுவில் வழிவிட்டு,
முன்னால் தனியே ஒரு பெரிய பழுப்புக் காலணி.
"அது யாரு?"
"ஓட்டுநர்."

காலி இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.
டிக்கெட் கேட்டான். மிட்டாய்த் தாளைக் கொடுத்தேன்.
கிழித்துப் பாதியைத் திருப்பித் தந்தான்.

புகைக்க வெளியே வந்த நெவ்சாத்
தன் காலணியைத் தேடிக் குனிந்தார்.
"வண்டி ஓடுது, இறங்கக் கூடாது" என்றான்.
நாற்பது வருஷம் லாரி ஓட்டிய மனிதர்,
சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு
தரையில் உட்கார்ந்தார்.
இவர் எங்கே போனார் என்று பார்க்க இருவர் வந்தார்கள்.
அவர்களைத் தேடி ஐவர்.
முழங்கால் மடங்காத முகத்தெஸ் அத்தைக்கு
நாற்காலி வந்தது. அது முன்வரிசை.

அலமாரியில் இருந்த கொலோன் புட்டியை எடுத்தான்.
ஆடாத தரையில் ஆடி ஆடி வந்தான்.
ஒவ்வொரு கையையும், சிந்தாமல் இருக்க,
கீழிருந்து தன் கையால் ஏந்திக்கொண்டு
நாலு சொட்டு.
முகத்தெஸ் அத்தையிடம் குனிந்தான்:
"அம்மணிக்கு?"
அத்தை சிரிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள்.

அதை வணக்கமாகச் சேர்த்துக்கொண்டார்களா,
நான் கேட்கவில்லை.
செர்ஹாத் கடைசியாக வந்து
நின்றபடியே பயணம் செய்தார்.

திரும்பும் வழியில், சிவாஸ் தாண்டியதும்,
ஈரத்துணிக்காகப் பையைத் துழாவினேன்.
கையில் தட்டுப்பட்டது
நாற்பத்து நான்காம் அளவில் ஒரு பழுப்புக் காலணி,
இடது.
அதற்குள் நெவ்சாத்திடமிருந்து ஆறு அழைப்புகள்.

"இதை ஏன்டா எடுத்தாய்?"
பிஸ்கட் வாயோடு என்னைப் பார்த்தான்,
இதுகூடவா தெரியாது என்பதுபோல.
"ஓட்டுநர் இல்லாம
எப்படி வீட்டுக்குப் போறது?"