முட்டை ஒன்று

கருங்கல் பக்கம் சின்னச் சபை எங்களுடையது.
அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து ஏலம்.
செந்துளுவன் குலை, காய்ச்சில் கிழங்கு,
கட்டி வைத்த ரப்பர் ஷீட் ஏழு,
காலைக் கட்டியும் அடங்காத சேவல்,
கடைசியாக
உமி நிரப்பிய சிரட்டையில் ஒரு முட்டை.

வைத்தது யார் என்று
பொருளாளர் ஞானாபரணத்துக்கும் தெரியவில்லை.
நோட்டில் 'முட்டை ஒன்று' என்றிருந்தது.
பெயர் எழுதும் இடம்
வெறுமனே கிடந்தது.

ஐந்து ரூபாய் என்று மைக்கில் விளித்தான் ஜெபின்.
பத்து என்றார் பிரைட்சிங்,
பதினோரு ஓட்டில் என்னைத் தோற்கடித்துச்
செயலர் ஆனவர்.
நான் நூறு என்றேன்.

கர்த்தாவே, உமக்குத் தெரியும்.
அந்த நூறில் ஒரு பைசாகூட உமக்கில்லை.

ஐந்நூறு. எழுநூறு. ஆயிரம்.
பெண்கள் பக்கம் விசிறிகள் நின்றுவிட்டன.
பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்றார்கள்.
போன வாரம்தான் ஆண்கள் ஐக்கியத்தில்
தாழ்மையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியிருந்தேன்.
நல்ல பேச்சு என்றார்கள்.
யார் யார் சொன்னார்கள்,
யார் சொல்லாமல் போனார்கள்,
இரண்டு பட்டியலும் என்னிடம் இருந்தது.

ஆறாயிரத்து நூறு.
ஒருதரம், ரெண்டுதரம்.
என் பெயர் ஒலிபெருக்கி வழியாகப்
பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிற்று.

முட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
நடு வழியாக நடந்து வந்தேன்.
வாசலில் பிரைட்சிங் நின்றார்.
தோற்றவர் முகத்தைப் பார்க்கும் ஆசையில்
நிமிர்ந்து நின்றேன்.
அவர் சிரித்து,
"தோத்திரம் அண்ணே" என்று
இறுக்கி அணைத்துக்கொண்டார்.

சின்னச் சத்தம்தான்.
எங்கள் இரண்டு பேருக்குந்தான் கேட்டது.

மஞ்சள் இறங்கி வேட்டிக்கரை தொட்டது.
அவர் சட்டையிலும் பாதி.
யாரும் காணுமுன் கழுவிவிட நினைத்து
கஞ்சி வைக்கிற அண்டாப் பக்கம் ஓடினேன்,
சூடாய் ஒரு கப் மோந்தேன்.

"சூடுவெள்ளம் வேண்டாம் அண்ணே,
கறை வெந்து பிடிச்சிரும்.
பச்சவெள்ளம் விட்டுக் கழுவும்."

பாத்திரம் தேய்த்துக்கொண்டே நேசபாய் சொன்னாள்.
பிறகு சட்டையைப் பார்த்தாள்,
சிரட்டையைத் தேடினாள்.
"பொட்டிப்போச்சா?
சாரமில்லை. நாளைக்கும் இடும்."

கோழிகூட முட்டையிட்டால்
தெருவைக் கூட்டிக் கொக்கரிக்கும்.
இவள் வைத்துவிட்டுக்
கரித்துணி எடுக்கப் போயிருக்கிறாள்.

கோயில் பின்பக்கக் குழாய் முழங்காலுக்கும் கீழே.
யார் வைத்த உயரமோ,
குனியாமல் அதில் கை நனைக்க முடியாது.
குனிந்தேன்.
பக்கத்தில் பிரைட்சிங்கும் குனிந்தார்.
இரண்டு வழுக்கையும் இடித்துக்கொண்டன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.
கையில் அன்றைக்கு எண்ணூறுதான் இருந்தது.
ஞானாபரணத்திடம் போய்
ஆறு தவணை கேட்டேன்.
எழுதிக்கொண்டார்,
சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டு.

மாசம் பிறந்தால் போய்க் கட்டுகிறேன்.
இதை எழுதும்போதும்
நன்றாய் வந்திருக்கிறதா என்று
இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன், ஆண்டவரே.
இன்னும் மூன்று தவணை பாக்கி.