ஜெபக்குறிப்பு

லொஃபோட்டனில் மார்ச் மாதம்
நாக்குகள் விலைக்குப் போகும்.
பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து
வெட்டிப்போட்ட காட் மீன் தலைகளை
ஆணியில் குத்தி நிறுத்தி
ஒரே இழுப்பில் நாக்கை அறுத்து வாளியில் போடுவார்கள்.
எடை பார்த்துக் காசு கொடுப்பது நான்.
இருபத்தாறு வருடம்.
ஒரு கிராம் கூடக்குறைய எழுதியதில்லை.
அதைச் சாட்சியாகவும் சொல்லியிருக்கிறேன்,
ஜெபவீட்டில், எழுந்து நின்று.

அதே ஜெபவீட்டில்
காப்பிக்கும் வாஃபிளுக்கும் நடுவே
குரலைத் தாழ்த்தி நான் சொன்னது:
"ஆஸ்முண்டை ஜெபத்தில் தாங்குங்கள்.
பாரத்தோடு சொல்கிறேன்.
மறுபடி தொட்டுவிட்டார் போல."
எதை என்று சொல்லவில்லை.
சொல்லவேண்டியிருக்கவில்லை.
ஹால்டிஸ் கண்ணை மூடினாள்.
எல்லோரும் மூடினோம்.
ஆமென் சொன்னபோது
என் வாயில் ஜாம் இனித்தது.

நான் கண்டது இவ்வளவுதான்:
காலை ஆறு மணிக்குப் படகுத்துறையில்
அவர் சுவரைப் பிடித்து நடந்தார்.
அடுத்த காலை வைக்க
இடம் தேடிக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை சொன்னது
வியாழக்கிழமை படகில் ஏறிவிட்டது.
வெள்ளிக்கிழமை ஆஸ்முண்டை இறக்கிவிட்டார்கள்,
பருவத்தின் நடுவில்,
கடல் முழுக்க மீன் கிடக்கும்போது.
படகுத் தலைவன் காரணம் சொல்லவில்லை.
நல்லவன். நோகடிக்க விரும்பவில்லையாம்.

எனக்கு உண்மையைச் சொன்னது
அவர் தங்கையின் மகன், பத்து வயது,
கத்தியைக் கால்சட்டையில் துடைத்தபடி:
"மாமாவுக்குக் காதுக்குள்ள ஏதோ கோளாறாம்.
நின்னா தரை சுத்துதாம்.
பூதோ ஆஸ்பத்திரியில சொன்னாங்க.
எவ்வளவு இருக்கு, நாலு கிலோ இருக்குமா?"
நாலு இருநூறு இருந்தது.
இரண்டு முறை எண்ணியும்
காசு தப்பியது எனக்கு.

அன்றிரவு தொடங்கிப்
பதினொரு வீடு ஏறினேன், பனிச்செருப்போடு.
நான் சொன்னது பொய், நான் பார்க்கவில்லை.
இவ்வளவுதான் வாக்கியம்.
முதல் வீட்டில் நீளமாக இருந்தது;
போகப்போகச் சுருங்கியது.
"நாங்க நம்பவே இல்ல" என்றார்கள்
நன்றாக நம்பியவர்கள்.
"நல்ல எண்ணத்துலதானே சொன்னீங்க" என்றார் போதகர்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.
படகுத் தலைவன் மட்டும் தலையைச் சொறிந்து,
இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று,
அடுத்த ஜனவரி பார்க்கலாம் என்றான்.

ஆஸ்முண்ட் கொட்டகையில் உட்கார்ந்து
தூண்டில்களுக்கு இரை கோத்துக்கொண்டிருந்தார், யாருக்கோ.
சொன்னேன்.
இரண்டு கொக்கி முடித்துவிட்டுக் கேட்டார்:
"ஹால்டிஸ் வீட்டுக்குப் போனாயா?"
இல்லை.
"போ. அங்கேதான் அது இன்னும் உயிரோடு இருக்கு."

ஹால்டிஸ் காப்பி ஊற்றினாள்.
"ஐயோ பாவம், குன்வோர்,
அவருக்காக ஒரு வார்த்தை ஜெபிப்போமா?"
வேண்டாம், எனக்காக, என்றேன்.
பெயரைச் சொல்லி. சத்தமாக.
அவளுக்கு வார்த்தை வரவில்லை.
சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

இப்போது எடைக்கொட்டகையில்
எனக்கு எதிரே ஒரு நாற்காலி.
முதலாளியிடம் கேட்டு வாங்கியது;
என் சம்பளத்தில் பாதி அதில் உட்கார்ந்திருக்கிறது,
அது அவருக்குத் தெரியாது.
இந்த ஒன்றை மட்டும்
யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.
எடையை நான் சொல்ல, பேரேட்டில் அவர் எழுதுவார்.
எண்களைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.
மன்னித்தாரா என்று கேட்டதில்லை;
அது என் தராசில் வைக்கிற பொருளல்ல.

"மூன்று அறுநூறு" என்கிறேன்.
ஆஸ்முண்ட் பேனாவை நிறுத்தி,
மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு,
எட்டித்
தராசு முள்ளைப் பார்க்கிறார்.
பிறகுதான் எழுதுகிறார்.

பார்க்கட்டும்.