ஜன்னல் தகடு

குழாயின் வாயில் ஒரு தகடு,
நகத்தளவு, சாம்பல் நிறம்.
கண்ணாடி விழுங்கிவிடும் மென்கதிரை
அது மட்டும் மறிக்காமல் அனுப்பும்.
"விரலால் தொடாதே, மில்கா" என்று
முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.
ஏன் என்று சொல்லவில்லை.

கிளீவ்லாந்து, ஜனவரி.
ஈரி ஏரி கரையோரம் உறைந்து கிடந்தது.
லொரேனிலிருந்து வந்த புட்டிக்குள்
நெல்மணிப் பருமனில் நுரையீரல் துண்டு.
ஒட்டியிருந்த காகிதத்தில்:
எடெல்கா போட்னார், முப்பத்தொன்பது.
தொழில், இல்லத்தரசி.

ஆலைக்குப் போனவன் அவள் கணவன் பாலின்ட்.
உலைப் பக்கம் ஒன்பது வருஷம்.
இன்றும் இரண்டிரண்டு படியாய்த் தாவி
மாடி ஏறுகிறானாம்.
அவள் செய்ததெல்லாம்
சனிக்கிழமைதோறும் பின்வாசலில் நின்று
அவன் சட்டையை உதறியது.
இரண்டு உதறு.
காலர் பக்கம் இன்னொன்று.
பிறகு சோப்பு.

பெரிலியம்.
அட்டவணையில் நாலாவது வீடு.
அலுமினியத்தைவிட லேசு,
எஃகைவிட விறைப்பு.
செம்பில் ஒரு சிட்டிகை சேர்த்தால்
எப்படி அடித்தாலும் பொறி பறக்காத சுத்தியல்;
எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் கும்பிட்டு வாங்குவார்கள்.
ஆக்சைடு, சலித்த மாவின் வெள்ளை,
இரும்பு கூழாகும் சூட்டிலும் இளகாது.
ஹைட்ராக்சைடோ
அமிலத்திலும் கரையும் காரத்திலும் கரையும்,
பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும்
வேண்டியவன் மாதிரி.

உப்புகள் இனிக்கும்.
அந்தக் கால வேதியியலாளர்கள்
நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு
இனிப்பையே பெயராக்கினார்கள், கிளூசினியம் என்று.
இரண்டாம் முறை நக்கியவர் எத்தனை பேர் என்று
என் பாடப்புத்தகத்தில் இல்லை.

மரகதத்துக்குள் இருப்பதும் இதுவே.
பச்சை மட்டும் குரோமியம் கொடுத்த கடன்.
கல்லில் பூட்டிக் கிடக்கும்வரை சாது;
எங்கள் தலைமை மருத்துவரின் மனைவி
அதை விரலில் போட்டுக்கொண்டு ரொட்டி பிய்க்கிறாள்,
ஒன்றும் ஆவதில்லை.
தூசியாகி மூச்சில் ஏறினால்தான்
உடம்பு அதன் முகத்தை மறக்க மறுக்கிறது.
எல்லா உடம்பும் அல்ல.
பாலின்டின் உடம்பு மறந்துவிட்டது.

படம் கழுவி ஈரத்தோடு தூக்கிப் பார்த்தேன்.
முடிச்சுகள் தெரிந்தன.
காவலுக்கு வந்தவை
திரும்பிப் போகாமல்
கூடிக்கூடிக் கெட்டிப்பட்ட இடங்கள்.
உலோகம் தெரியவில்லை.
எப்படித் தெரியும்?
கதிருக்கு வழிவிடுவதுதானே அதன் குணம்.
அதைத் தேடி நான் எட்டிப் பார்த்த ஜன்னலும்
அதுவேதான்.

காகிதத்தில் இல்லத்தரசியை அடித்துவிட்டு
ஆலைத் தொழிலாளி என்று எழுதினேன்.
மாலைக்குள் யாரோ
சிவப்பு மையால் திருத்தியிருந்தார்கள்.

வீட்டு வாசலில்
பழக்கத்தில் என் வெள்ளைக் கோட்டைக் கழற்றி
உதறத் தூக்கிய கை
பாதியில் நின்றது.
உள்ளே தங்கை ஸ்டான்கா
வாளியில் வெந்நீர் ஊற்றும் சத்தம்.